நீலமா, மஞ்சளா? கிக் அடிச்சும் கிளம்பாத பைக்கின் கதை

இன்னைக்கு நம்ம நாயகன் ஒரு மில்லிமீட்டர்கூட நீளம் இல்லாதவன். பைக் எஞ்சினுக்குள்ள அடிக்கிற பொறி. ஸ்பார்க் பிளக்கின் இரண்டு முனைக்கு நடுவுல இருக்கிற சின்ன இடைவெளியை அது தாண்டணும். தாண்டலைன்னா டேங்க் நிறைய பெட்ரோல் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

வண்டி கிளம்பலைன்னா மெக்கானிக் என்ன பண்றார்னு கவனிச்சிருப்பீங்க. பிளக்கைக் கழற்றி, கேப்ல மாட்டி, அதோட உடம்பை எஞ்சின் மேல ஒட்ட வச்சு கிக்கரை மிதிப்பார். நீலமா, 'டக்'னு சத்தத்தோட அடிச்சா நல்ல பொறி. மஞ்சளா, நூல் மாதிரி வந்தா பலவீனம். வெளியில அடிக்கிற பொறி உள்ளேயும் அடிக்குமா? நிச்சயம் இல்லை. அழுத்தம் கூடக்கூட பொறிக்கு அதிக வோல்ட் வேணும்னு ஜெர்மன் இயற்பியலாளர் ஃபிரெட்ரிக் பாஷன் 1889-லேயே காட்டிட்டார். அதனாலதான் அனுபவசாலிகள் 5, 6 மில்லிமீட்டர் இடைவெளியைப் பொறி தாண்டுதான்னு பார்க்கிறாங்க.

இந்தப் பொறியை முதல்ல பிழைக்க வச்சது மேக்னெட்டோ. 1897-ல் ராபர்ட் போஷ் பட்டறை ஒரு டி டியோன் மூணு சக்கர வண்டியில அதைப் பொருத்தியது. அங்கே வேலை பார்த்த காட்லோப் ஹோனால்ட், பிளக்கோட சேர்ந்து இயங்கும் உயர் வோல்டேஜ் மேக்னெட்டோவை 1902 வாக்குல கொண்டுவந்தார். காந்தம் சுத்தினா கரண்ட், பேட்டரியே வேண்டாம். இதுக்கு ஜெர்மனியையே நம்பியிருந்த பிரிட்டன், 1914-ல் போர் வந்ததும் மேக்னெட்டோ கிடைக்காமல் திண்டாடியது. ஆனா மேக்னெட்டோவுக்கு ஒரு குறை உண்டு. மெதுவா சுத்தினா பொறியும் மெலிஞ்சிடும். கிக் அடிக்கும்போது எஞ்சின் மெதுவாதானே சுத்தும்?

அதுக்கு இன்னொரு வழி அமெரிக்காவுல சார்லஸ் கெட்டரிங் கிட்ட இருந்து வந்தது. 1910 மாடல் கேடிலாக் காருக்காக அவர் செஞ்ச பேட்டரி இக்னிஷன் இது. பாயின்ட் மூடியிருக்கும்போது காயிலுக்குள்ள கரண்ட் ஓடி காந்தப் புலம் உண்டாகும். பாயின்ட் சட்டுனு திறந்ததும் அந்தப் புலம் சரியும். அப்போ பக்கத்துச் சுற்றுல பத்தாயிரம் வோல்ட்டுக்கும் மேல பிறக்கும். அந்த 'சட்டுனு'தான் முக்கியம். அதை உறுதி செய்றது கண்டென்சர். அது கெட்டா பொறி பிளக்குல அடிக்காம பாயின்ட்லேயே அடிச்சு அதைக் கருக்கிடும்.

இது நம்ம ஊருக்கு எப்படி வந்தது? 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கினாங்க. திருவொற்றியூர் புல்லட் ரொம்ப காலம் பாயின்டோடதான் ஓடியது. எனக்கு அந்த வண்டியில ரொம்பப் பிடிச்சது ஹெட்லைட் மேல இருக்கிற அம்மீட்டர். சாவியைத் திருப்பி கிக்கரை மெதுவா அழுத்துங்க. முள் மைனஸ் பக்கம் சாய்ஞ்சா பாயின்ட் மூடியிருக்கு. நடுவுக்கு வந்தா திறந்திருக்கு. நடுவுலயே அசையாம நின்னா பேட்டரி, ஃபியூஸ், வயர் இல்லைன்னா அழுக்கான பாயின்ட். மைனஸ்லயே மாட்டிக்கிட்டா பாயின்ட் திறக்கலை, இல்லைன்னா கண்டென்சர் ஷார்ட். ஒரே முள்ளு, பாதி நோயைச் சொல்லிடும். மீதிக்கு உப்புத்தாளும் ஃபீலர் கேஜும் போதும். பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். இதை ஓட்டுறவரே செஞ்சுக்கலாம்.

இதுக்கு நடுவுல 1969-ல் கவாசாகி எச்1 வந்தது. அதுல சிடிஐ. ஒரு கெப்பாசிட்டர்ல மின்சாரத்தைச் சேர்த்து, மின்னணு சுவிட்ச் வழியா ஒரே அடியில காயிலுக்குள்ள விடும். பாயின்ட் இல்லை, தேய்மானம் இல்லை. எண்ணெய் படிஞ்ச பிளக்குலகூட பொறி அடிக்கும். டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு அது பெரிய வரம். ஆனா ஒரு விலையும் இருந்தது. கண்ணால பார்க்க முடிஞ்ச பாயின்ட் இருந்த இடத்துல, திறக்க முடியாத ஒரு கறுப்புப் பெட்டி உட்கார்ந்துடுச்சு.

அதனால ஒரு பழக்கம் வந்திருக்கு. பொறி மங்கலா இருந்தா நேரா 'சிடிஐ போயிடுச்சு'ங்கிறோம். பெட்டியை மாத்துறோம், காசு போகுது, வண்டி அப்பவும் கிளம்பாது. என்னைக் கேட்டா, கெட்டரிங் காலத்து ஒழுங்கு இன்னும் செல்லும்: மலிவானதுல இருந்து தொடங்கு. முதல்ல புது பிளக். அப்புறம் பிளக் கேப். உள்ளே இருக்கிற ரெசிஸ்டர் அடிக்கடி பழுதாகும். காயில் வயர் நுனியை ஐந்து மில்லிமீட்டர் வெட்டி மறுபடி மாட்டிப் பாருங்க. எர்த் இணைப்பைச் சுரண்டிச் சுத்தம் பண்ணுங்க. பேட்டரியை நம்புற வண்டின்னா அதோட வோல்டேஜையும் பாருங்க. காயில் அடுத்தது, பெட்டி கடைசி.

ரெண்டு எச்சரிக்கை. சோதிக்கும்போது பிளக் ஓட்டைக்குப் பக்கத்துல பொறி விடாதீங்க, பெட்ரோல் ஆவி பத்திக்கும். பிளக் உடம்பு எஞ்சினைத் தொட்டே இருக்கணும், வெறும் கையால பிடிக்கக் கூடாது.

தொழில்நுட்பம் முன்னேறும்போது நம்ம வேலை குறையுது, சந்தோஷம். ஆனா கோளாறைத் தேடுற வரிசையை மறந்துட்டா, வண்டி நம்மளுது, அறிவு மட்டும் கடைக்காரருதுன்னு ஆயிடும். அடுத்த எபிசோடுல சந்திப்போம்.