யூப்பிற்றர்-8: குறைந்த விலையில் கூர்மையான 50 மி.மீ. வில்லை

ரேஞ்ச்பைண்டர் கமராவுக்கு மலிவான 50 மி.மீ. வில்லை தேடுவோருக்கு சோவியத் தயாரிப்பான யூப்பிற்றர்-8 நல்ல தெரிவு. ஜேர்மனியின் சைஸ் நிறுவனத்தில் லுட்விக் பேர்ட்டலே வடிவமைத்த சொனார் வில்லையே இதற்கு முன்மாதிரி. இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனி தோற்றபின், சைஸ் வடிவமைப்புகளும் இயந்திரங்களும் போர் இழப்பீடாக சோவியத் ஒன்றியத்துக்குச் சென்றன.

இவ்வில்லை எஃப் 2இல் சற்று மென்மையாகவும், எஃப் 5.6இல் நல்ல கூர்மையாகவும் படம் தரும். 39 மி.மீ. திருகுள்ளது ஸோர்க்கி, ஃபெட் கமராக்களில் நேரடியாகப் பொருந்தும். லைக்கா எம் கமராவுக்கு இணைப்பு வளையம் தேவை. கியெவ் கமராவுக்கான பொருத்து வேறு.

லைக்காவில் முழுத் திறப்பில், கிட்டத்துப் பொருள்களுக்குக் குவியம் தவறக்கூடும். எனவே ஒரு மீற்றர் தூரத்தில் அச்சுத்தாளொன்றைப் படமெடுத்துச் சோதியுங்கள். வெளிச்சம் பாய்ச்சி, உள்ளே பூஞ்சணம் இல்லையென உறுதிசெய்த பின்பே பணம் கொடுங்கள்.