கைபரிலிருந்து கொங்குவரை: ‘ஹைதர்’ என்னும் பெயர்

பிறந்த ஏழாம் நாளில் குழந்தைக்குப் பெயர் சூட்டி அகீகா கொடுப்பது நபிவழியாக நம்மிடையே நிலைபெற்ற மரபாகும். பெற்றோர் தம் மக்களுக்கு அளிக்கும் முதற்கொடை பெயரே. மறுமை நாளில் மனிதர் தம் பெயராலும் தந்தையர் பெயராலும் அழைக்கப்படுவர். ஆதலின் பெயர்களை அழகியவையாக அமைத்துக்கொள்ள வேண்டும் என்ற கருத்தில் அபூதாவூத் தொகுப்பில் ஓர் அறிவிப்பு இடம்பெற்றுள்ளது. எனினும் சூட்டும் பெயரின் பொருளையும் வரலாற்றையும் எண்ணிப் பார்ப்போர் நம்மில் சிலரே. கொங்கு நாட்டு முஸ்லிம்களின் வாழ்வோடு நெருங்கிய தொடர்புடைய ஒரு பெயரை எடுத்துக்கொண்டு, அதன் வேர்களை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம். அப்பெயர் ‘ஹைதர்’.

கோவை கோட்டைமேட்டிலும் ஈரோட்டிலும் பள்ளப்பட்டியிலும் ‘ஹைதர் அலி’ என்ற பெயருடைய பெரியவர்களை நாம் எளிதில் காணலாம். ஆயின் ‘ஹைதர்’ என்று தனித்து வழங்கும் பெயர் நம்மிடையே அரிது. ‘ஹைதர் அலி’ என்பதில் முன்னது மகன் பெயர், பின்னது தந்தை பெயர் என்று கருதிப் பள்ளிச் சான்றிதழ்களில் பிரித்து எழுதிவிடுவோரும் உளர். உண்மையில் இவ்விரு சொற்களும் ஒரே மனிதரையே குறிக்கின்றன. அவர் நாயகம் (ஸல்) அவர்களின் மருமகனும் நான்காம் கலீஃபாவுமாகிய ஹளரத் அலீ (ரலி) அவர்கள் ஆவார்.

சிங்கத்தைக் குறிக்க அரபு மொழியில் சொற்கள் மிகப் பல. அஸத், லைஸ், ளிர்காம், களன்ஃபர், உஸாமா, அப்பாஸ் என அப்பட்டியல் நீளும். திருக்குர்ஆனின் ‘முத்தஸ்ஸிர்’ அத்தியாயத்தில் வரும் ‘கஸ்வரா’ என்ற சொல்லுக்கும் விரிவுரையாளர் பலர் சிங்கம் என்றே பொருள் கொண்டனர். தமிழிலும் அரிமா, ஆளி, மடங்கல், சீயம் எனப் பல சொற்கள் உண்டு. இத்தகைய சொற்கள் ஒன்றற்கொன்று முற்றிலும் ஈடானவை அல்ல; ஒவ்வொன்றும் விலங்கின் ஒரு தன்மையை எடுத்துக்காட்டும். ‘ஹைதர்’ அல்லது ‘ஹைதரா’ என்பது பருத்த கழுத்தும் வலிய முன்னங்கால்களும் வாய்ந்த சிங்கத்தைச் சுட்டும் என்றும், மனிதருள் அரசன் எவ்வாறோ அவ்வாறே சிங்கங்களுள் ஹைதரா என்றும் பழைய அரபு அகராதியாளர் விளக்கினர். கழுகுக் குஞ்சைக் குறிக்கும் ‘ஹைஸம்’, தீர்ப்பளிப்பவரைக் குறிக்கும் ‘ஃபைஸல்’ ஆகியவையும் இதே சொல்லமைப்பில் பிறந்தவையே.

இச்சொல் பெரும்புகழ் பெற்றது கைபர் போரில். ஹிஜ்ரி ஏழாம் ஆண்டில், அதாவது கி.பி. 628இல், கைபர் கோட்டையின் வீரன் மர்ஹப் தன் பெருமையைப் பாடிக்கொண்டு எதிர்வந்தபோது, அலீ (ரலி) அவர்கள், தம் அன்னை தமக்கு ஹைதரா எனப் பெயரிட்டதைச் சொல்லி அவனை எதிர்கொண்டார்கள். ஸலமா இப்னுல் அக்வஃ (ரலி) அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அன்னையின் பெயர் ஃபாத்திமா பின்த் அஸத். அவருடைய தந்தையின் பெயராகிய ‘அஸத்’ என்பதற்கும் சிங்கம் என்பதே பொருள். குழந்தை பிறந்தபோது கணவர் அபூதாலிப் ஊரில் இல்லாமையால் தம் தந்தையின் நினைவாக அன்னை அப்பெயரை இட்டார். திரும்பிவந்த அபூதாலிப் ‘அலீ’ என்று மாற்றினார் என விரிவுரையாளர் கூறுவர். உலகமே போர்க்களப் பெயராகக் கருதும் இப்பெயர், ஒரு பெண் தன் தந்தையை நினைந்து மகனுக்கு இட்ட செல்லப்பெயரே என்பது கருதத்தக்கது.

அரேபியாவில் தோன்றிய இப்பெயர் பாரசீக, துருக்கிய மக்களிடையே பெருவழக்குப் பெற்றது. ஸஃபவீ அரச மரபின் முன்னோருள் ஒருவர் ஷைக் ஹைதர்; ‘தாரீகே ரஷீதீ’ என்ற வரலாற்று நூலை இயற்றிக் காஷ்மீரை ஆண்டவர் மிர்ஸா ஹைதர் துக்லாத். 1591இல் முஹம்மது குலீ குத்புஷா நிறுவிய நகரம் ‘ஹைதராபாத்’ எனப் பெயர் பெற்றதும் அலீ (ரலி) அவர்களின் இச்சிறப்புப் பெயராலேயே. ஷியாக்களின் பெயர் என்று இதனை ஒதுக்குவோர் உளர். அது பொருந்தாது. ஸூஃபி தரீக்காக்களில் பெரும்பாலானவை தம் ஞானவழித் தொடரை அலீ (ரலி) அவர்கள் வழியாகவே நாயகத்திடம் கொண்டு சேர்க்கின்றன. அத்தரீக்காக்களின் வாயிலாக ஸுன்னத் ஜமாஅத்தினர் இல்லங்களிலும் ஹைதர், முர்தளா, அஸதுல்லாஹ் முதலிய பெயர்கள் இயல்பாக இடம்பெற்றன. தமிழ் முஸ்லிம் புலவர்களோ அலீயைப் ‘புலி’ என்று பாடினர். எதுகை நயம் ஒருபுறமிருக்க, புலி உலவும் நாட்டில் சிங்கம் புலியானது இயல்பே.

இனிக் கொங்கு நாட்டிற்கு வருவோம். மைசூர்ப் படையில் பணிபுரிந்த ஃபத்ஹ் முஹம்மது தம் மூத்த மகனுக்கு ‘ஷாஹ்பாஸ்’ என்றும், கோலார்ப் பகுதியிலுள்ள பூதிக்கோட்டையில் பிறந்த இளைய மகனுக்கு ‘ஹைதர்’ என்றும் பெயரிட்டார். பாரசீகத்தில் ஷாஹ்பாஸ் என்பது அரசப் பருந்து. ஒரு மகன் பருந்து, ஒரு மகன் சிங்கம். இளையவரே 1755இல் திண்டுக்கல்லின் ஃபவ்ஜ்தாராகி, 1761இல் மைசூர் அரசின் முழு அதிகாரத்தையும் கைக்கொண்ட ஹைதர் அலீ. மைசூரின் ஆட்சிக்கு முன்னரே உட்பட்டிருந்த கோயம்புத்தூர்ச் சீமை அவருடைய ஆணையின்கீழ் வந்தது. 1782 டிசம்பரில் அவர் மறைந்தபின் திப்பு சுல்தான் 1799 மே மாதம்வரை இந்நாட்டை ஆண்டார்.

ஹைதர் அலீ எழுதப் படிக்க அறியாதவர். தம் பெயரின் முதலெழுத்தாகிய ‘ஹா’ என்னும் அரபு எழுத்தையே ஆவணங்களில் கையொப்பமாக இட்டுவந்தார். 1763இல் பெத்னூரை வென்றபின் அவர் வெளியிட்ட பொன் வராகனின் ஒருபுறத்தில் சிவனும் பார்வதியும் வீற்றிருக்க, மறுபுறத்தில் அந்த ‘ஹா’ என்ற ஓரெழுத்து மட்டுமே பொறிக்கப்பட்டிருந்தது. மக்கள் பழகிய தெய்வ உருவை மாற்றாமல், தம் பெயரின் ஓரெழுத்தைச் சேர்த்ததோடு அவர் அமைந்தார். அவ்வெழுத்தும் அதனருகே அவ்வுருவமும் ஒரே காசில் கைமாறிய காலத்தை நாம் மறந்துவிடலாகாது.

திப்புவோ தம் நாணயங்களுக்குத் தனிப்பெயர்கள் சூட்டினார். பொற்காசுகள் அஹ்மதீ, ஸித்தீகீ, ஃபாரூகீ எனவும், வெள்ளி இரட்டை ரூபாய் ‘ஹைதரீ’ எனவும், ஒற்றை ரூபாய் ‘இமாமீ’ எனவும் வழங்கின. நபிபெருமானார், முதலிரு கலீஃபாக்கள், நான்காம் கலீஃபா, இமாம்கள் எனச் சமயப் பெரியோர் வரிசையே காசு வரிசையாயிற்று. அவருடைய வெள்ளிக்காசில் காணப்படும் பாரசீக வாசகம், அஹ்மதின் மார்க்கம் ஹைதரின் வெற்றியால் உலகில் ஒளிர்கிறது என்னும் பொருளது. அங்கே ஹைதர் என்பது அலீ (ரலி) அவர்களையும் திப்புவின் தந்தையையும் ஒருங்கே சுட்டும் சிலேடை. அவருடைய படைக்கலங்களில் ‘அஸதுல்லாஹில் காலிப்’ என்ற தொடர் புலிமுக வடிவில் எழுதப்பட்டதும் இவ்வழிவந்த சிந்தனையே. கொங்கு நாட்டின் சத்தியமங்கலம் அவருடைய செப்புக்காசுகளில் ‘ஸலாமாபாத்’, அதாவது அமைதியின் ஊர், எனப் பெயர் பெற்றது.

இம்மண்ணில் அப்பெயரின் நினைவு முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதன்று. 1756இல் பிறந்த தீரன் சின்னமலை மைசூருக்குச் சென்ற வரிப்பணத்தை வழிமறித்துப் பறித்ததாக வழங்கும் கொங்குக் கதையில் ஹைதரின் ஆட்சியே எதிர்ப்பக்கம். அதே சின்னமலை பின்னர்த் திப்புவின் பக்கம் நின்று ஆங்கிலேயரை எதிர்த்தார். 1805இல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார். 1791இல் கோவைக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து மீட்ட திப்புவின் தளபதி கமருத்தீன் கான். அக்கோட்டை இன்றில்லை, ‘கோட்டைமேடு’ என்ற பெயர் எஞ்சியுள்ளது. பூமார்க்கெட் பகுதியிலுள்ள பள்ளிவாசல் ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆகிய இருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது.

எழுத்தைப் பற்றியும் ஒரு சொல். பொன்னில் பொறிக்கப்பட்ட அந்த ‘ஹா’ மிடற்றிலிருந்து எழும் ஓசை. தமிழ் நெடுங்கணக்கில் அதற்கு இடமில்லை. கிரந்த எழுத்தால் ‘ஹைதர்’ என்று எழுதுகிறோம். அதனையும் விலக்குவோர் ‘ஐதர்’ என்று எழுதுவர். அரபுத்தமிழில் எழுதிய நம் முன்னோருக்கு இவ்விடர் இருந்ததில்லை. அரபெழுத்திலேயே தமிழை எழுதியமையால் பெயரும் மூல ஓசையோடு நின்றது. ‘ஐதர்’ என்பது பிழையன்று. இப்ராஹீம் ‘இபுறாகீம்’ ஆனதுபோல் தமிழ் நாவில் படிந்த வடிவம் அது. ஆயினும் ஆவணங்களில் ஒரே வடிவத்தைக் கையாள்வது பிள்ளைகளின் பிற்கால இடர்களைத் தவிர்க்கும்.

இறுதியாக, இக்காலத்திற்கு உரிய ஒரு வினா எஞ்சியுள்ளது. 1997 நவம்பர், டிசம்பர் மாதக் கலவரங்களும் 1998 பிப்ரவரி 14 அன்று நிகழ்ந்த குண்டுவெடிப்புகளும் கோவையைப் பிளந்தன. அதன்பின் வாடகை வீடு தேடும்போதும் வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் அரபுப் பெயரே சுமையாவதை உணர்ந்த குடும்பங்கள் பல. 2001க்குப் பின் உலகெங்கும் ‘உஸாமா’ என்ற பெயருக்கு நேர்ந்த கதியும் நாம் அறிந்ததே. நாயகத்தின் அன்புக்குரிய உஸாமா இப்னு ஸைத் (ரலி) அவர்களின் பெயரை ஒரு மனிதரின் செயல் மறைத்துவிட்டது. இந்நிலையில் வீரம் சுட்டும் பெயர்களைத் தவிர்ப்பதே நன்று என்று சிலர் எண்ணுகின்றனர். எவரிடத்தும் இல்லாத பெயர் வேண்டுமெனப் பொருளறியாச் சொற்களைத் தேடிச் சூட்டுவோர் வேறு சிலர்.

இரு சாராருக்கும் நபிவழியில் விடை உண்டு. அலீ (ரலி) அவர்கள் தம் மகனுக்கு ‘ஹர்ப்’, அதாவது போர், என்று பெயரிட முனைந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அதனை மாற்றி ‘ஹஸன்’, அழகன், என்று சூட்டினார்கள். அடுத்த மகனுக்கும் அவ்வாறே நிகழ்ந்து ‘ஹுஸைன்’ என்ற பெயர் அமைந்தது. கரடுமுரடு என்னும் பொருளுடைய ‘ஹஸ்ன்’ என்பவரிடம் ‘ஸஹ்ல்’, அதாவது எளிமை, என்று மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். தந்தை இட்ட பெயரை மாற்றேன் என்று அவர் மறுத்தார்; அக்கடுமை தம் குடும்பத்தில் தங்கிவிட்டதாக அவருடைய பேரர் ஸயீத் இப்னுல் முஸய்யிப் கூறியது புகாரியில் உள்ளது. இவ்வாறு தீய பொருளுடைய பெயர்களை மாற்றிய நாயகம், ஹம்ஸா, அப்பாஸ், உஸாமா ஆகிய சிங்கப் பெயர்களை மாற்றவில்லை. போர் வேறு, துணிவு வேறு என்னும் வேறுபாடு இதனால் விளங்கும். நியாயத்தின் பக்கம் அஞ்சாது நிற்கும் ஆற்றலுக்கே சிங்கம் உவமை, அழிவுக்கு அன்று.

ஆதலின் ஒரு பெயரை அச்சத்தால் கைவிடுவதும் ஆடம்பரத்தால் தேர்வதும் ஒருங்கே தவறாகும். ‘ஹைதர்’ என்று மகனை அழைக்கும் கொங்கு நாட்டுத் தாய், மக்கத்து ஃபாத்திமா பின்த் அஸத் அழைத்த சொல்லையே தானும் சொல்கிறாள். சிவபார்வதி உருவோடு ஒரே காசில் இடம்பெற்ற எழுத்தையே உச்சரிக்கிறாள். பிள்ளைக்குப் பெயரைச் சூட்டுவதோடு அதன் வரலாற்றையும் சொல்லி வளர்ப்போமாயின், அப்பெயரை நிமிர்ந்து சொல்லவும், கேட்பவருக்குப் பொறுமையோடு விளக்கவும் அவனால் இயலும். அந்த அறிவையும் பெயருக்கு ஒத்த பண்பையும் வல்ல அல்லாஹ் நம் மக்களுக்கு அருள்வானாக.