பீடி குடிக்கப் போகும் நேரம்

உசிலம்பட்டிப் பக்கத்து டூரிங் டாக்கீஸ் ஒன்றில் 1964இல் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். கீற்றுக் கூரை, வெள்ளைத் துணித் திரை, ஆம்பளைப் பக்கத்துக்கும் பொம்பளைப் பக்கத்துக்கும் நடுவே இடுப்பளவு மண்சுவர். தரை டிக்கெட் 25 காசு. மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்தால் அதுதான் பால்கனி. பின்னால் இருப்பவன் ஏசுவான், பழகிவிடும். இருந்தது ஒரே புரொஜக்டர். ரீல் தீர்ந்தால் விளக்கைப் போட்டு அடுத்ததை மாட்டவேண்டும். அதுவரை முறுக்குக்காரனுக்கு யோகம்.

படத்துக்கு முன்னால் சேதிப் படம் போட்டே ஆகவேண்டும். லைசென்ஸில் இருந்த நிபந்தனை அது. 1948இல் மத்திய அரசு தொடங்கிய பிலிம்ஸ் டிவிஷன் எடுத்து அனுப்பும். வாடகை நாங்கள் கட்டவேண்டும். அணை திறப்பு, விமானத்திலிருந்து வெள்ளம் பார்க்கும் மந்திரி, பொருட்காட்சி. கனத்த குரல் ஒன்று சுத்தமான தமிழில் பேச ஆரம்பித்ததும் ஆம்பளைப் பக்கம் எழுந்து பீடி குடிக்கப் போய்விடும். கார்பன் குச்சியை மிச்சம் பிடிக்க, ஓட்டாமலேயே ஓட்டியதாக எழுதச் சொல்வார் முதலாளி. எழுதியிருக்கிறேன்.

அரசியல் பிடிக்காத கூட்டம் என்று இதை நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். 'நாடோடி மன்னன்' 1958இல் வந்த படம். எங்களுக்கு வந்து சேர்ந்தபோது பிரிண்டில் கீறல் மழை. மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும், முதல் பாதி கறுப்பு வெள்ளை, பின்பாதி கலர். ஆணும் பெண்ணும் கொடி பிடித்து நிற்கும் எம்ஜியார் பிக்சர்ஸ் சின்னம் வந்ததுமே விசில் கிளம்பும். திரையில் கொடி சாம்பல் நிறம்தான். கொட்டகைக்கு அது தி.மு.க.வின் கறுப்பு சிவப்பு. ராஜா இடத்தில் உட்கார்ந்த நாடோடி வீராங்கன் புதுச் சட்டங்களைச் சொல்லிக்கொண்டே போவார். கத்திச் சண்டைக்காக வந்தவர்கள் அதற்குக் கை தட்டினார்கள். அடுத்த நாள் அதே பண்ணையில், அதே கூலிக்கு நாற்று நட்டார்கள். படம் அவர்களை மயக்கியது என்று படித்தவர்கள் எழுதினார்கள். ஆபரேட்டர் ஓட்டை வழியாகப் பார்த்த எனக்கு அப்படித் தோன்றவில்லை. கூலி உயராது என்று அவர்களுக்குத் தெரியும். உயரவேண்டும் என்று ஒருத்தர் சத்தமாகச் சொல்வதைக் கேட்கத்தான் 25 காசு.

கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் இதை இன்னும் நைசாகச் செய்தவர். என் கணக்கில் அவருக்குத்தான் முதல் இடம். 1949இல் வந்த 'நல்லதம்பி' அண்ணா எழுதிய கதை. அதில் நந்தனார் கதைக்குப் பதில் கிந்தனார் கதாகாலட்சேபம் செய்வார். நந்தனுக்குச் சிதம்பரத்தில் சாமி பார்க்க ஆசை. கிந்தனுக்குப் பள்ளிக்கூடம் போக ஆசை. திண்ணையில் உட்கார்ந்து கேட்கும் அதே காலட்சேப மெட்டு, ஆனால் விஷயம் வேறு. சிரித்து முடித்தபிறகுதான் உறைக்கும். அவர் 1957இலேயே போய்விட்டார். பத்து வருஷம் கழித்தும் அந்தப் பெட்டி வந்தால் தரை நிரம்பும்.

1967 ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆரை நடிகர் எம்.ஆர்.ராதா சுட்டார். கழுத்துக் கட்டோடு எம்.ஜி.ஆர். இருந்த போஸ்டர் எங்கள் ஊர்ச் சுவருக்கும் வந்தது. தேர்தல் பிரச்சாரத்துக்குப் போகாமலேயே பரங்கிமலையில் அவர் ஜெயித்தார். மார்ச்சில் அண்ணா முதலமைச்சர்.

அந்த வருஷக் கடைசியில் முதலாளி 'ரத்தக்கண்ணீர்' பெட்டியை எடுத்துவந்துவிட்டார், வாடகை மலிவு என்று. ராதா படம். கொட்டகையைக் கொளுத்திவிடுவார்கள் என்று எனக்குப் பயம். மணல் வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஓட்டினேன். ராதா முகம் தெரிந்ததும் முன்வரிசையில் ஒருத்தன் மண்ணை வாரித் திரையில் எறிந்தான். இரண்டாவது பிடியை அள்ளிக் கையை ஓங்கினான். அதற்குள் ராதா அந்தக் கரகரத்த குரலில் பெரிய மனிதர்களை ஒரு இழு இழுக்க, கையில் மண்ணோடு அப்படியே குனிந்து சிரித்தான்.