மலிவுத் துப்பாக்கிகளும் ஒரு கெட்ட பெயரும்

கௌதள்ளி எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் வைத்திருக்கும் பதில்: கொள்ளேகாலில் மாதேஸ்வரன் மலைக்கு பஸ் ஏறினால் ஹனூர் தாண்டி வரும். 1997-ல் சாமராஜநகர் தனி மாவட்டமாகப் பிரிந்துவிட்டது. ஆனால் எங்கள் பக்கத்துப் பெருசுகளுக்கு இன்றைக்கும் மைசூர் ஜில்லாதான். "ஓ, வீரப்பன் காடா?" என்பார்கள் உடனே. அடுத்த கேள்வி, "அப்ப வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருக்குமே?"

வீட்டுக்கு வீடு எல்லாம் இல்லை. ஆனால் மலையோரத்துக் காட்டுப் பக்கங்களில் நாட்டுத் துப்பாக்கி என்பது ஊருக்குத் தெரிந்த ரகசியம். சோளக்கொல்லைக்குப் பன்றி வரும், ராகிக்கு யானை வரும். வேட்டைக்குப் போகிறவர்களும் உண்டு. அதன் பெயரோ படு மோசம். முன்னால் நிற்கிறவனை விடப் பின்னால் நிற்கிறவனுக்குத்தான் ஆபத்து என்று கிண்டல் செய்வார்கள். 1992 மே மாதம் வீரப்பன் கும்பல் பக்கத்து ராமாபுரம் போலீஸ் ஸ்டேஷனைத் தாக்கிப் போலீஸாரைக் கொன்று துப்பாக்கிகளை அள்ளிக்கொண்டு போனது. நாட்டுத் துப்பாக்கி கிடைக்காத ஆளா வீரப்பன்? எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பது அந்தத் தொழிலில் இருந்தவனுக்குத் தெரிந்திருக்கும்.

இங்கே அமெரிக்காவிலும் அதே பேச்சுதான், மலிவு விலைக் கைத்துப்பாக்கிகளைப் பற்றி. எனக்குச் சோறு போடுவது டை காஸ்டிங். இந்தத் துப்பாக்கிகளும் எங்கள் தொழிலின் பிள்ளைகள் என்பதால் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன்.

கதை 1968-ல் ஆரம்பிக்கிறது. கென்னடி சகோதரர்கள், மார்ட்டின் லூதர் கிங் கொலைகளுக்குப் பிறகு வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், வெளிநாட்டிலிருந்து வந்த சின்னஞ்சிறு மலிவுத் துப்பாக்கிகளுக்குக் கதவைச் சாத்தியது. உள்நாட்டில் செய்வதற்குத் தடை போடவில்லை. ஓட்டை எங்கே இருக்கிறதோ அங்கே வியாபாரி இருப்பான். 1970-ல் ஜார்ஜ் ஜென்னிங்ஸ் என்பவர் தெற்கு கலிபோர்னியாவில் ராவன் கம்பெனியைத் தொடங்கினார். பின்னாலேயே உறவுக்காரர்களும் தெரிந்தவர்களுமாக டேவிஸ், லோர்சின், பிரைகோ என்று வரிசையாகக் கடை விரித்தார்கள். கேரன் வின்டமியூட் என்ற மருத்துவர் 1994-ல் இந்தக் கூட்டத்துக்கு 'நெருப்பு வளையம்' என்று பெயர் வைத்தே ஒரு புத்தகம் எழுதினார்.

இவர்கள் எஃகைக் கடைந்து செய்யவில்லை. ஜமாக் எனப்படும் துத்தநாகக் கலவையை அச்சில் ஊற்றினார்கள். அது ஏறக்குறைய 385 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். இலினாய் போன்ற சில மாநிலங்கள் 800 டிகிரி ஃபாரன்ஹீட்டில் (சுமார் 427 செல்சியஸ்) உருகும் உலோகத்தில் கைத்துப்பாக்கி செய்து விற்கக்கூடாது என்றே சட்டம் போட்டன. கேட்க விநோதமாக இருக்கும், துப்பாக்கியை யாரும் அடுப்பில் வைத்துச் சுடப்போவதில்லை :-) ஜமாக்கைத் தடுக்கிற வழி அது.

ஜமாக்கைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. தாழ்ப்பாள், குழாய், கார் பாகம் என்று அது செய்யாத வேலை இல்லை. ஒஹாயோவில் மான்ஸ்ஃபீல்டில் செய்யப்படும் ஹை-பாயிண்ட்டைப் பாருங்கள். 1990-களில் வந்தது, அதுவும் துத்தநாக ஸ்லைடுதான். ஆனால் ஒன்பது மில்லிமீட்டர் தோட்டாவின் உதையைத் தாங்க, பூட்டு எதுவும் இல்லாமல் ஸ்லைடின் எடையையே நம்பியிருக்கிறது. அதனால் செங்கல் மாதிரி கனம். பார்க்கவும் செங்கல் மாதிரிதான். கேலி செய்யாதவர்கள் கிடையாது. ஆனால் கம்பெனி ஆயுளுக்கும் உத்தரவாதம் கொடுக்கிறது, எத்தனையாவது கையில் இருந்தாலும் சரி. உலோகம் மலிவு, அதற்குத் தகுந்தபடி கனத்தைக் கூட்டிவிட்டார்கள். அழகில்தான் மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

பிரைகோ கதை வேறு. 1994-ல் கலிபோர்னியாவில் ஒரு வீட்டில் பிரைகோ துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுக்க முயன்றார் ஓர் இளைஞர். சேஃப்டி போட்டிருந்தால் ஸ்லைடு நகராது. தோட்டாவை எடுக்க சேஃப்டியைத் தளர்த்தியே ஆகவேண்டும். தளர்த்தினார், வெடித்தது. எதிரே இருந்த ஏழு வயதுப் பையனுக்குக் கழுத்துக்குக் கீழே அசைவு போனது. அப்படி ஓர் அமைப்பு ஏன்? தோட்டா சிக்கிக்கொள்கிற பழைய கோளாறை மறைக்கத்தான் சேஃப்டியை இப்படி மாற்றினார்கள் என்று பையன் தரப்பு வாதாடியது. 2003-ல் ஜூரி கம்பெனிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. கம்பெனி உடனே திவால் மனு போட்டது. 2004-ல் சொத்துக்கள் ஏலத்துக்கு வந்தபோது அந்தப் பையன் தரப்பு 5,05,000 டாலர் கேட்டது, தொழிற்சாலையை வாங்கி மூடிவிடுவதற்காக! பழைய ஃபோர்மேன் 5,10,000 கேட்டு எடுத்துப் போனார். அச்சுகள் திரும்ப ஓடின, பெயர் மட்டும் மாறியது.

துத்தநாகத்தை இதில் குற்றம் சொல்லி என்ன பயன்? சிக்குகிற கோளாறைச் சரிசெய்யக் காசு செலவாகும், மறைக்கச் செலவு குறைவு. இன்னொன்று, அமெரிக்காவில் பொம்மையில் கோளாறு என்றால் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் திரும்பப் பெறச் சொல்லலாம். துப்பாக்கி மேல் அந்த ஆணையத்துக்கு அதிகாரமே கிடையாது. கோர்ட்டுதான் கதி.

விலை குறைந்தால் தரம் குறையும் என்பவர்கள் நம் ஊர் கான்பூரைப் பார்க்க வேண்டும். 1980-களில் கைத்துப்பாக்கி இறக்குமதியை இந்தியா நிறுத்தியது. லைசென்ஸ் வைத்திருந்த சாமானியனுக்குப் புதிதாகக் கிடைத்ததெல்லாம் அரசு ஆர்டினன்ஸ் தொழிற்சாலைச் சரக்குதான். பழைய வெப்லியைப் பார்த்துச் செய்த .32 ரிவால்வர். 2014-ல் டைட்டானியம் கலவையில், பெண்களுக்கென்று 'நிர்பீக்' வந்தது. அரைக் கிலோ எடை, விலை 1,22,360 ரூபாய். அந்தக் காசுக்கு இங்கே ஹை-பாயிண்ட்டை ஒரு கூடையில் அள்ளலாம். ஆனாலும் கான்பூர் சரக்கின் பெயர் சுமார்தான். விசை கடினம், வேலைப்பாடு சொரசொரப்பு என்று வாங்கினவர்களே புலம்புவார்கள். பாட்டன் காலத்து வெப்லிக்கு லட்சக்கணக்கில் கொடுக்கவும் ஆள் இருந்தது. வேறு கடை இல்லாதவனிடம் மெருகை எதிர்பார்க்க முடியுமா? 2016-ல் ஆயுத விதிகள் மாறித் தனியாருக்கு வழி திறந்தது. 2021-ல் ஆர்டினன்ஸ் வாரியத்தையே கலைத்துக் கம்பெனிகளாக்கினார்கள். 2023-ல் 'பிரபல்' என்று, உருளை பக்கவாட்டில் திறக்கும் புது ரிவால்வர் கான்பூரிலிருந்து வந்தது. போட்டி வரப்போகிறது என்றதும் நூற்றாண்டுப் பழைய வடிவத்தை மாற்ற மனசு வந்துவிட்டது பாருங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் முங்கேர் இருக்கிறது. இன்றைக்குப் பீகாரின் முங்கேர் என்றால் 'கட்டா' என்கிற கள்ளக் கைத்துப்பாக்கிதான் ஞாபகம் வரும். ஆனால் 1760-களில் வங்காள நவாப் மீர் காசிம் தலைநகரை அங்கே மாற்றி ஆயுதப் பட்டறை வைத்தபோது நிலைமையே வேறு. அவனுடைய துப்பாக்கிகளைக் கம்பெனியின் லண்டன் சரக்கோடு ஒப்பிட்டுப் பார்த்து, இவைதான் மேல் என்று ஆங்கிலேயர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். கைவினை கெட்டுப்போய் கட்டா வரவில்லை. 1878 ஆயுதச் சட்டம் தொடங்கி வந்த கெடுபிடிகளில் உரிமம் பெற்ற சில பட்டறைகளுக்குத்தான் இடம் இருந்தது. மற்றதெல்லாம் இருட்டுக்குப் போனது.

இருட்டுக்குப் போனதில் முதலில் தொலைந்தது சோதனை. லண்டன் துப்பாக்கிக் கைவினைஞர் சங்கம் பதினேழாம் நூற்றாண்டிலேயே இதைத் தொடங்கிவிட்டது. வழக்கத்தை விட அதிக மருந்து போட்டுச் சுட்டுப் பார்ப்பார்கள். குழல் தாங்கினால் முத்திரை, தாங்காவிட்டால் குப்பை. ராவனோ, ஹை-பாயிண்ட்டோ, கான்பூரோ, விற்பவனுக்கு ஒரு விலாசம் உண்டு, துப்பாக்கியில் ஓர் எண் உண்டு. கட்டாவுக்கும் எங்கள் பக்கத்து நாட்டுத் துப்பாக்கிக்கும் முதல் சோதனை வாங்கினவன் கையில்தான். எந்தப் பட்டறைக் குழல் வெடித்தது, எது பத்து வருஷம் உழைத்தது என்று எழுதி வைக்க ஆளில்லை. அதனால் ஒழுங்காகச் செய்தவனுக்கும் தண்ணீர்க் குழாயை வெட்டி ஒட்டினவனுக்கும் ஒரே பெயர்.

கையில் வெடித்தால் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். போனால் போலீஸ் கேஸ். அதனால் காட்டோரத்து ஊர்களில் விரல் போனவன், விறகு வெட்டும்போது கொடுவாள் பட்டுவிட்டது என்றுதான் டாக்டரிடம் சொல்வான்.