மாமன் வீட்டுப் பிள்ளை

பள்ளிக்கூடங்களில் சேர்க்கைப் பதிவேடு என்று ஒன்று உண்டு. கெட்டி அட்டை போட்ட நீண்ட புத்தகம் அது. மாணவன் பெயர், பிறந்த நாள், முன்பு படித்த பள்ளி என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். அவற்றுள் ஒன்று, ‘தந்தை அல்லது காப்பாளர் பெயர்’ என்பது. ஆசிரியப் பணியில் இருந்த காலமெல்லாம் அந்தக் கட்டத்தை எத்தனையோ முறை நிரப்பியிருக்கிறேன். ‘அல்லது’ என்ற அந்த ஒரு சொல்லில் எவ்வளவு பெரிய வழக்கு அடங்கியிருக்கிறது என்பதை ஒரு தந்தையும் ஒரு மாமனும் என் மேசைக்கு முன் வந்து நின்ற நாளில்தான் உணர்ந்தேன்.

பிள்ளைகளை உறவினர் வீட்டில் விட்டு வளர்ப்பது நம் நாட்டில் புதிய வழக்கமன்று. சிற்றூரில் ஐந்தாம் வகுப்போடு பள்ளி முடிந்துவிடும். மேலே படிக்க வேண்டுமாயின் பக்கத்து நகரத்தில் அத்தை வீடோ மாமன் வீடோ இருத்தல் வேண்டும். நானும் அவ்வாறு அத்தை வீட்டில் இருந்து படித்தவனே. தோட்டத் தொழிலுக்காக இலங்கைக்கும் மலேயாவுக்கும் சென்றவர்கள் பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுச் சென்றார்கள். பிற்காலத்தில் வளைகுடா நாடுகளுக்குச் சென்றவர்களும் அதையே செய்தார்கள். எவரும் இதற்குப் பத்திரம் எழுதிக்கொண்டதில்லை. ‘பையனைப் பார்த்துக்கொள்ளுங்கள், மச்சான்’ என்று ஒரு சொல், அவ்வளவுதான்.

என்முன் வந்த வழக்கும் அத்தகையதே. பையனுக்குப் பதின்மூன்று வயது. தாய் இல்லை. ஆறு வயது முதல் தாய்மாமன் வீட்டில் வளர்ந்தவன். தந்தை வளைகுடா நாடொன்றில் வேலை பார்த்தவர். இடையிடையே பணம் அனுப்பினார், சில ஆண்டுகள் அனுப்பவில்லை. பிறகு ஊர் திரும்பினார், மறுமணம் செய்துகொண்டார், பையனை அழைத்துச் செல்ல மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்தார். மாமனும் உடன் வந்திருந்தார். “ஐயா, ஏழு வருஷம் வளர்த்தவன் நான். பதிவேட்டில் என் பெயர்தான் இருக்கிறது. என் கையெழுத்து இல்லாமல் சான்றிதழ் கொடுக்கக் கூடாது” என்றார். பதிவேட்டைப் புரட்டினேன். அவர் கூறியது மெய்தான். எனக்கு முன்னிருந்த தலைமையாசிரியர், காப்பாளர் என்று மாமன் பெயரையே எழுதிவைத்திருந்தார்.

எங்கள் ஊரில் முதிய வழக்கறிஞர் ஒருவர் இருந்தார். அன்று மாலையே அவரிடம் சென்றேன். அவர் சிரித்துக்கொண்டே, “உங்கள் பையனுடைய வழக்கு சென்னை அடையாற்றிலே எப்போதோ நடந்து முடிந்துவிட்டது” என்று கூறி, ஒரு பழைய தீர்ப்புத் தொகுதியை எடுத்துத் தந்தார். மாணவ நண்பர்களே, அந்த வரலாற்றைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நாராயணையா என்பவர் அரசாங்க வருவாய்த் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர், மதனப்பள்ளியில் வாழ்ந்தவர், பிரம்மஞான சபையில் உறுப்பினர். மனைவியார் 1905இல் மறைந்துவிட்டார். 1909ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தம் பிள்ளைகளுடன் அடையாற்றுக்கு வந்து சபையின் அலுவலகத்தில் பணி ஏற்றார். அப்பிள்ளைகளுள் கிருஷ்ணமூர்த்தி, நித்தியானந்தம் என்னும் இருவரிடத்தில் சபையின் தலைவர் அன்னி பெசன்ட் அம்மையார் தனி அக்கறை கொண்டார். கிருஷ்ணமூர்த்தி உலகுக்கு ஞானாசிரியராக விளங்கப் போகிறவர் என்று சபையினர் நம்பினார்கள். 1910ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 6ஆம் நாள், அவ்விரு சிறுவர்களுக்கும் அம்மையாரைக் காப்பாளராக ஏற்படுத்துவதாகத் தந்தை ஒரு கடிதத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தார். 1912இல் அவர்களைக் கல்விக்காக இங்கிலாந்துக்கு அழைத்துச் செல்லவும் எழுத்து மூலம் இசைவு தந்தார்.

பின்னர் அவர் மனம் மாறியது. பிள்ளைகள் வளர்க்கப்படும் முறையும், அவர்களைச் சூழ்ந்திருந்தோர் சிலரும் அவருக்கு அச்சத்தை விளைவித்தனர். வழக்கில் கூறப்பட்ட குற்றச்சாட்டுகள் பல. அவற்றை இங்கே விரித்துரைக்க வேண்டுவதில்லை. ‘என் பிள்ளைகளை என்னிடம் திருப்பித் தருக’ என்று கேட்டார். அம்மையார் மறுத்தார். 1912ஆம் ஆண்டு அக்டோபரில் செங்கற்பட்டு மாவட்ட நீதிமன்றத்தில் தந்தை வழக்குத் தொடுத்தார். அடையாறு அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. வழக்கு பின்னர்ச் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது.

நீதிபதி பேக்வெல் முன்னிலையில் 1913இல் விசாரணை நடைபெற்றது. தந்தைக்காக வாதாடியவர் பிற்காலத்தில் திருவாங்கூர்த் திவானாகப் புகழ்பெற்ற சி. பி. இராமசுவாமி ஐயர். அம்மையாரோ வழக்கறிஞரை வைத்துக்கொள்ளாமல் தாமே எழுந்து வாதாடினார். சிறந்த சொற்பொழிவாளராகிய அவர் நீதிமன்றத்தில் நின்று தம் பக்கத்தைத் தாமே எடுத்துரைத்த காட்சியை நினைத்துப் பாருங்கள். சட்டம் பயிலும் மாணவர்கள் அந்த விசாரணைக் குறிப்புகளைப் படித்தால் பயன் பெறுவர். ஏப்ரல் மாதத்தில் தீர்ப்பு வந்தது. மே மாதம் 26ஆம் நாளுக்குள் சிறுவர்களைத் தந்தையிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது கட்டளை. அம்மையார் மேல்முறையீடு செய்தார். உயர்நீதிமன்றத்தில் அதுவும் அக்டோபரில் தள்ளுபடியாயிற்று. விடாமல் இலண்டனிலிருந்த பிரிவி கவுன்சிலுக்குச் சென்றார். சிறுவர்கள் இக்காலத்தில் பெரும்பாலும் இங்கிலாந்தில் இருந்தார்கள்.

1914ஆம் ஆண்டு மே மாதத்தில் பிரிவி கவுன்சில் வழங்கிய தீர்ப்பே நமக்கு முக்கியமானது. பார்க்கர் பிரபு அதனை எழுதினார். அதில் மூன்று செய்திகள் பின்னிக் கிடக்கின்றன. தந்தையின் காப்பாளர் நிலை என்பது புனிதமானதோர் அறக்கட்டளையைப் போன்றது. தாம் உயிரோடு இருக்கையில் தம் இடத்தில் வேறொருவரை அமர்த்திவிட்டு அவர் விலகிக்கொள்ள இயலாது. பிள்ளையை வளர்க்கவும் படிக்கவைக்கவும் பிறரிடம் ஒப்படைக்கலாம். ஆனால் அந்த அதிகாரம் திரும்பப் பெறத்தக்கது. எந்த ஒப்பந்தம் எழுதியிருந்தாலும், பிள்ளையின் நலம் வேண்டினால், அதனை அவர் மீட்டுக்கொள்ளலாம்.

இவ்வளவோடு நின்றிருந்தால் எங்கள் ஊர்த் தந்தையின் கட்சி முழுவதும் வென்றிருக்கும். ஆனால் தீர்ப்பு அதனோடு நிற்கவில்லை. ஒப்படைத்த இடத்தில் பிள்ளைக்குப் பற்றும் பழக்கமும் எதிர்பார்ப்புகளும் வேரூன்றியிருந்து, அவற்றைக் குலைப்பது பிள்ளைக்கு நன்றன்று என்று நீதிமன்றம் கருதுமானால், தந்தை திரும்பப் பெறுவதை அது தடுக்கும் என்றும் கூறிற்று. இதற்கு ஆதாரமாக எடுத்துக்காட்டப்பெற்றது 1821ஆம் ஆண்டின் ஓர் ஆங்கில வழக்கு. அதில் வருவது சபையுமன்று, ஞானாசிரியருமன்று. சாதாரணமான ஒரு பாட்டி. பேத்திகளை அந்தப் பாட்டி வளர்த்தார். அவர் மறைந்தபின் அவர் மகள் வளர்த்தார். தந்தை பல காலம் இதற்கு இசைந்திருந்துவிட்டுப் பின்னர்ப் பெண்களைக் கேட்டபோது, எல்டன் பிரபு கொடுக்க மறுத்துவிட்டார். ஆக, நம் வீடுகளில் நாள்தோறும் நிகழும் ஒன்றே அந்தப் பெருவழக்கின் அடியில் கிடந்தது.

இறுதியில் நாராயணையாவின் வழக்கு என்னவாயிற்று? கொள்கையில் அவர் வென்றார், வழக்கில் தோற்றார். 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி, சிறுவர் வழக்கமாக வாழும் இடத்து மாவட்ட நீதிமன்றமே விசாரிக்கலாம். இச்சிறுவர்கள் வாழ்ந்ததோ இங்கிலாந்தில். ஆதலின் வழக்கே செல்லாது. வேண்டுமாயின் இங்கிலாந்தின் நீதிமன்றத்தை அணுகலாம் என்று முடிந்தது. இன்னொரு குறையையும் பிரிவி கவுன்சில் சுட்டிற்று: இத்தனை வாதங்களுக்கிடையே அச்சிறுவர்களின் சார்பில் பேச ஒருவரும் இல்லை. அந்த வரியைப் படித்தபொழுது எனக்குச் சுருக்கென்றது. காலையில் தந்தையும் மாமனும் வாதிட்டபொழுது பையன் என் அறைக்கு வெளியே தாழ்வாரத்தில்தான் நின்றுகொண்டிருந்தான்.

அந்நாளுக்குப் பின் சட்டம் வெகுதூரம் வந்துவிட்டது. ‘மைனர்’ என்றவுடன் நம்மவர்க்குச் சங்கிலியும் சில்க் ஜிப்பாவும் நினைவுக்கு வரும். சட்டத்துக்கு அவர் பதினெட்டு வயது நிரம்பாதவர், அவ்வளவே. 1956இல் வந்த இந்து இளவர் காப்பாளர் சட்டம், பிள்ளையின் நலமே தலையாயது என்று வெளிப்படையாகக் கூறிற்று. தந்தை, அவருக்குப் பின் தாய் என்று அச்சட்டம் வரிசைப்படுத்தியிருந்தது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் 1999இல் உச்சநீதிமன்றம் இதற்கு விளக்கம் தந்தது. ‘அவருக்குப் பின்’ என்பதற்கு ‘அவர் இறந்தபின்’ என்று மட்டும் பொருளன்று. அவர் அருகில் இல்லாதபொழுதும், பிள்ளையைப் பற்றிக் கவலை கொள்ளாதபொழுதும் தாயே காப்பாளர் என்று கூறிற்று. கடல் கடந்து சென்ற கணவரின் கையெழுத்துக்காகக் காத்திருந்த தாய்மார் பலரை நான் அறிவேன். அவர்களுக்கு இத்தீர்ப்பு மிகவும் காலம் தாழ்ந்து வந்தது.

மாமனுக்குச் சட்டத்தில் இடமே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. 1890ஆம் ஆண்டுச் சட்டம் காப்பாளர் என்பதற்கு இலக்கணம் கூறும்பொழுது, சிறுவனைப் பேணி வருபவர் என்றே பொதுவாகக் கூறுகிறது. அவர் பொறுப்பிலிருந்து வேற்றார் ஒருவர் பிள்ளையைக் கடத்திச் சென்றால், அது பெற்றோரிடமிருந்து கடத்தியதைப் போன்ற குற்றமே. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்திலேயே இவ்விளக்கம் இருந்தது. ஆனால் பிள்ளையின் சொத்தை விற்கவோ அடகு வைக்கவோ மாமனுக்கு உரிமையில்லை. வளர்த்தவர் என்பது அதற்குப் போதாது.

பெற்றோரின் கடமையோ எங்கே போனாலும் அவர்களைப் பின்தொடரும். போதிய வசதியிருந்தும் பிள்ளையைக் காப்பாற்றாத தந்தையை மாதந்தோறும் பணம் கட்டச் செய்யும் அதிகாரம் நீதிபதிக்கு 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்தது. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடர்ந்தது. 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் இருக்கிறது. பாட்டி சோறு போடுகிறார் என்பதனால் தந்தையின் கடமை தீர்ந்துவிடாது. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையை முற்றிலும் கைவிடும் எண்ணத்தோடு ஓரிடத்தில் விட்டுச் செல்வது ஏழாண்டு வரை சிறைக்குரிய குற்றம். நல்ல உறவினரிடம் ஒப்படைப்பது கைவிடுதல் ஆகாது. ஒப்படைத்தபின் ஆண்டுக்கணக்கில் எட்டிப் பாராதிருப்பதை என்னவென்பது? அதை நீதிமன்றம் ஒவ்வொரு வழக்காகத்தான் பார்க்கிறது.

பார்த்த முடிவும் ஒரே மாதிரியாக இல்லை. தாய் பிரசவத்தை ஒட்டி இறந்துவிட, பிறந்தது முதல் தாய்வழிப் பாட்டியிடம் வளர்ந்த ஒரு குழந்தையை, 2009இல் உச்சநீதிமன்றம் அந்தப் பாட்டியிடமே இருக்கச் செய்தது. 2019இல் வந்த மற்றொரு வழக்கில், தாய் நோயால் இறந்தார்; தந்தையும் கடும் நோயுற்றிருந்த காலத்தில் குழந்தை தாயின் உடன்பிறந்தாரிடம் வளர்ந்தது. நலம்பெற்ற தந்தை கேட்டபொழுது, குழந்தையை அவரிடமே ஒப்படைக்குமாறு அதே நீதிமன்றம் கூறிற்று. உறவினர் வந்து பார்க்கவும் வழிசெய்தது. முன்னதில் குழந்தை பல ஆண்டுகள் பாட்டியைத் தவிர வேறொருவரை அறியாது; பின்னதில் குழந்தைக்கு இரண்டு வயதும் நிரம்பவில்லை.

என் கதைக்கு வருகிறேன். வழக்கறிஞர் வீட்டிலிருந்து திரும்பிய நான், தந்தை உயிரோடு இருக்கையில் மாமன் தடுக்க முடியாது என்பதை மட்டும் பிடித்துக்கொண்டேன். மறுநாள் மாற்றுச் சான்றிதழில் கையெழுத்திட்டுத் தந்தையிடம் கொடுத்தேன். சட்டப்படி அதில் பிழையில்லை. பையனை அழைத்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, முந்தைய நாள் சுருக்கென்றது எல்லாம் ஒரு இரவுக்குள் எங்கோ போய்விட்டது. மாமன் ஒன்றும் பேசாமல் எழுந்து சென்றார்.

மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பையன் பழைய வரிசையிலேயே நின்றுகொண்டிருந்தான். தனியாகப் பேருந்து ஏறி வந்திருந்தான். இம்முறை அவனை அறைக்குள் அழைத்து உட்காரவைத்துக் கேட்டேன். அப்பா மேல் கோபமில்லை என்றான். பத்தாம் வகுப்பு வரை இங்கே படிக்கிறேன், விடுமுறைக்கு அங்கே போகிறேன் என்றான். தந்தையை வரவழைத்தேன். அவர் நீண்ட நேரம் பேசாமலிருந்தார். பிறகு காகிதம் கேட்டு வாங்கி, மகனை மைத்துனர் வீட்டில் இருக்கவிட்டுப் படிக்கவைக்கச் சம்மதம் என்றும், மாதச் செலவைத் தாம் அனுப்புவதாகவும் எழுதிக் கையெழுத்திட்டார். மாமன் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

ஒரே பையனுக்கு அந்தப் பதிவேட்டில் இரண்டு பதிவுகள் உண்டு. முதற் பதிவில் காப்பாளர் கட்டத்தில் மாமன் பெயர் மட்டும் இருக்கும். இரண்டாவதை நான் எழுதினேன். கட்டம் சிறியது, தந்தையின் பெயரை மேலே எழுதி, ‘வசிப்பது தாய்மாமன் இல்லத்தில்’ என்று அதன்கீழ் நுணுக்கி எழுதவேண்டியிருந்தது.