‘நான் குண்டு’: உணவுக் கோளாற்றிலிருந்து மீள்வோரும் கதைவழிச் சிகிச்சையும்

தமிழில் பசி நம்மிடம் வருகிறது. ‘எனக்குப் பசிக்கிறது’, ‘எனக்குக் கோபம் வந்தது’ என்கிறோம். நான்காம் வேற்றுமை அந்த உணர்வுக்கும் நமக்கும் நடுவே கொஞ்சம் இடம் விட்டுவைக்கிறது. ‘நான் குண்டு’ என்ற வாக்கியத்தில் அந்த இடம் இல்லை. அனோரெக்ஸியா என்ற உணவுக் கோளாற்றால் எலும்பும் தோலுமாகிவிட்ட ஒரு பெண், மூன்றாவது வாய்ச் சோற்றைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கும்போது சொல்வது இந்த வாக்கியத்தைத்தான். எழுவாயோடு ஒட்டிக்கொண்ட அந்தப் பயனிலையைப் பிரித்தெடுப்பதே கதைவழிச் சிகிச்சையின் வேலை என்பது என் வாதம்.

அடிலெய்டில் மைக்கேல் வைட்டும் ஆக்லாந்தில் டேவிட் எப்ஸ்டனும் 1980-களில் இம்முறையை வளர்த்தெடுத்தார்கள். 1990-இல் இருவரும் சேர்ந்து எழுதிய நூலால் அது பரவியது. சிக்கலை ஆளிடமிருந்து பிரித்துப் பேசும் இந்த உத்தியை வைட் முதலில் கையாண்டது, உடையிலேயே மலம் கழித்துவிடும் சிறுவர்களிடம். குற்றவுணர்வில் குறுகிப்போன குழந்தைக்கு அது மூச்சுவிட இடம் தந்தது.

அனோரெக்ஸியா உள்ள பெண்ணிடம் ‘ஏன் சாப்பிட மாட்டேன் என்கிறாய்?’ என்று கேட்டால் பதில் வராது, அழுகை வரும். ‘தட்டைப் பார்த்ததும் அனோரெக்ஸியா உன்னிடம் என்ன சொல்லிற்று? அதன் பேச்சைக் கேட்காமல் இருந்த வேளை ஏதாவது உண்டா?’ என்று கேட்டால், போன வாரம் தோழி வீட்டில் பால் விட்ட காபியை அரை டம்ளர் குடித்தது நினைவுக்கு வரலாம். நோயின் கதைக்குள் அடங்காத துணுக்கு அது. சிகிச்சையாளர் அங்கேயே நின்றுவிடுகிறார்: ‘சின்ன வயதிலிருந்து உன்னை அறிந்தவர்களில், இதைக் கேட்டு ஆச்சரியப்படாதவர் யார்?’ ‘ஆச்சி’ என்று அவள் சொன்னால், மறந்துபோன இன்னொரு கதைக்கு வழி திறக்கிறது.

நோயை உடனே எதிரி என்று அறிவிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனை சார்ந்த ஆய்வாளர்கள், அனோரெக்ஸியாவை நண்பனாக எண்ணி ஒரு கடிதம், எதிரியாக எண்ணி ஒரு கடிதம் எழுதும்படி நோயாளிகளைக் கேட்டார்கள். 1999-இல் வெளியான அந்த ஆய்வில், நண்பனுக்கு எழுதிய கடிதங்கள் அது தந்த பாதுகாப்பையும் கட்டுப்பாட்டையும் நன்றியோடு நினைத்தன. நண்பனைத் திட்டுபவரிடம் யார் மனம் திறப்பார்? நோய் செய்தவற்றை எடைபோடும் உரிமையை நோயாளியிடமே விடுவதுதான் வைட்டின் முறை. எப்ஸ்டனின் அனோரெக்ஸியா எதிர்ப்புச் சங்கம் போர்மொழி பேசியது உண்மை. ஆனால் அதன் பலம், மீண்டவர்கள் எழுதியவற்றைச் சேர்த்துவைத்து, தவிப்பவர்கள் கையில் கொடுத்ததில் இருந்தது என்றே கருதுகிறேன்.

இம்முறைக்கு எல்லை உண்டு. 1944-45-இல் மின்னசோட்டாவில் ஆன்சல் கீஸ், ஆரோக்கியமான 36 ஆண்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டு ஆராய்ந்தார். அவர்கள் சிடுசிடுப்பானார்கள், எந்நேரமும் உணவையே நினைத்தார்கள், சிலர் சமையல் குறிப்புகளைச் சேகரிக்கத் தொடங்கினார்கள். பட்டினியே கதையின் ஒரு பகுதியை எழுதிவிடுகிறது. ஆகவே மருத்துவக் கண்காணிப்பில் உடலுக்கு உணவூட்டுவது முதலில் நடந்தாக வேண்டும். வளரிளம் பருவத்தினருக்கு, பெற்றோர் உணவுப் பொறுப்பை ஏற்கும் குடும்பவழிச் சிகிச்சைக்கே வலுவான சான்றுகள் உள்ளன. கதைவழி முறைக்கு அத்தகைய சோதனைச் சான்று குறைவு. குடும்பவழிச் சிகிச்சையும் நோயைப் பிள்ளையிடமிருந்து பிரித்தே பேசுகிறது என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கதைவழிச் சிகிச்சை அதிகம் உதவுவது, எடை ஓரளவு திரும்பிய பிறகு என்று நினைக்கிறேன். கல்யாண வீட்டில் அத்தை, ‘இப்பதான் பூசினாப்ல நல்லா இருக்கே’ என்கிறார். அன்பாகத்தான் சொல்கிறார். மீண்டுவரும் பெண்ணின் காதில் அது ‘நான் குண்டு’ என்று விழுகிறது. மானிடவியலர் பார்பரா மையர்ஹாஃபின் சிந்தனையிலிருந்து வைட் வளர்த்த சாட்சி முறை இங்கே கைகொடுக்கிறது. அத்தையையும் அழைத்து, அவள் பேசுவதைக் கேட்கவைக்கிறார்கள். பாராட்டும் புத்திமதியும் கூடாது. மனதில் தைத்த சொல் எது, தன் வாழ்வில் அது எதைத் தொட்டது என்று மட்டும் சொல்ல வேண்டும். ‘காபி குடிச்சேன்னு சொன்னியே, அந்த இடம்தான்’ என்று அத்தை தொடங்கலாம்.