மேய்ப்பரைச் சுமந்த வாகனம்
(புல்லட் வண்டியின் வரலாறும், அதை உயிர்ப்பிக்கும் முறையும்)

பங்கின் வரலாற்றை எழுதப் புகுவோர் கோயில் எழுந்த ஆண்டையும், பணிபுரிந்த குருக்களின் பெயர் வரிசையையும் தவறாது குறிப்பர். அக்குருக்களைக் கிளைக் கிராமங்களுக்குச் சுமந்து சென்ற வாகனத்தை நினைப்போர் அரியர். பங்கு இல்லக் கொட்டகையில் பல்லாண்டுகளாக ஓடாமல் நிற்கும் புல்லட்டைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று சிலரும், எப்படியாவது ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று இளைஞர்களும் சொல்லி வருகின்றனர். முடிவெடுக்குமுன் இரு சாராரும் அறிய வேண்டியவற்றை இந்த மலரில் தருகிறோம்.

நடந்து சென்ற காலம்

1606-இல் இராபர்ட் தெ நொபிலி அடிகளார் மதுரைக்கு வந்தார். அதன்பின் நெடுங்காலம் குருக்கள் கால்நடையாகவும், குதிரையிலும், மாட்டு வண்டியிலுமே ஊர் ஊராய்ச் சென்றனர். 1938-இல் மதுரை தனி மறைமாவட்டமாயிற்று. 1953-இல் உயர்மறைமாவட்டமாக உயர்ந்தது. அப்போதும் நம் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு பங்கு என்றால் பல கிராமங்கள், வயல்வெளிகள், மலையடிவாரத் தோட்டங்கள் எல்லாம் சேர்ந்ததே. நள்ளிரவில் அவஸ்தைப் பூசுதலுக்கு அழைப்பு வந்தால், குரு போய்ச் சேருமுன் நோயாளியின் உயிர் பிரிந்துவிடக் கூடும்.

இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. ஜெர்மானியக் குரு பவுல் ஷுல்ட்டே அடிகளாரின் நண்பரான மறைபரப்பாளர் ஒருவர் ஆப்பிரிக்காவில் நோயுற்று, விரைந்து மருத்துவமனை சேர வாகனமின்றி உயிர்நீத்தார். அத்துயரமே 1927-இல் 'மீவா' என்னும் சங்கத்தைத் தோற்றுவிக்க அவரைத் தூண்டியது. மறைபரப்பு நாடுகளுக்கு வாகனம் வாங்க உதவுவதே அதன் நோக்கம்.

திருவொற்றியூர் தந்த வண்டி

இங்கிலாந்தில் ரெட்டிச் நகரில் பிறந்தது ராயல் என்ஃபீல்டு. அதன் 350 சி.சி. புல்லட் வண்டிகளை நம் இராணுவம் எல்லைக் காவலுக்கென 1950-களில் வரவழைத்தது. 1955-இல் ரெட்டிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டாக என்ஃபீல்டு இந்தியாவை அமைத்தன. திருவொற்றியூரில் உற்பத்தி நடந்தது. தாய்நாட்டில் அந்நிறுவனம் மூடப்பட்ட பின்னும் தமிழ் மண்ணில் புல்லட் நிற்காமல் ஓடியது. ஒற்றைச் சிலிண்டர், எளிய அமைப்பு, சாதாரணக் கருவிகளால் பழுதுபார்க்கும் வசதி ஆகியவற்றால் கிராமப்புறத்திற்கு அது ஏற்றதாயிற்று.

பழுது எங்கே?

பெட்ரோல் நீராக இருக்கையில் எஞ்சினுக்கு உதவாது. எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 15 பங்கு காற்று கலந்தால்தான் செம்மையாய் எரியும். இக்கலவையைச் செய்வதே கார்புரேட்டர். பழைய புல்லட்டில் ஆங்கிலேயரின் 'அமல்' வகையும், பின்னாளில் 'மிக்கார்ப்' வகையும் பொருத்தப்பட்டன.

வண்டி நெடுநாள் நின்றால் பெட்ரோலின் இலேசான பகுதி ஆவியாகி, வார்னிஷ் போன்ற பிசின் தங்கிவிடும். அப்பிசின் முதலில் அடைப்பது, மிகச் சிறிய துளையுள்ள பைலட் ஜெட்டையே. அதனால்தான் எத்தனை உதை உதைத்தாலும் வண்டி கிளம்புவதில்லை. கிளம்பினாலும் ஆக்சிலேட்டரை விட்டவுடன் நின்றுவிடுகிறது. எஞ்சினே போய்விட்டது என்று முடிவுகட்டுவது அவசரமாகும். இன்றைய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை கலக்கும் எத்தனால் ஈரத்தை இழுப்பதால், டேங்கில் துருவும் ஏறுகிறது.

செய்ய வேண்டியவை

விளக்கோ நெருப்போ இல்லாத திறந்த வெளியில் வேலையைத் தொடங்குக. பழைய பெட்ரோலை முழுதும் வடித்து, டேங்கையும் வடிகட்டியையும் கழுவுக. கார்புரேட்டரைக் கழற்றி ஜெட்டுகளைக் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்துச் சுத்தம் செய்க. கம்பியால் குத்துதல் கூடாது. துளை பெரிதானால் கலவையின் அளவே கெட்டுவிடும். மிதவையில் ஓட்டை உண்டா என்றும், அதன் ஊசி பெட்ரோலைச் சரியாக அடைக்கிறதா என்றும் பார்க்க. இற்றுப்போன ரப்பர்களை மாற்றுக.

அடுத்தது ட்யூனிங். ஏர் ஸ்குரூவை மெல்ல முழுதும் உள்ளே திருகி, ஏறக்குறைய ஒன்றரைச் சுற்று வெளியே எடுக்க. எஞ்சினைக் கிளப்பிப் பத்து நிமிடம் சூடேற விடுக. குளிர்ந்த எஞ்சினில் செய்யும் ட்யூனிங் நிலைக்காது. பிறகு, எஞ்சின் விரைவாகவும் சீராகவும் ஓடும் இடம் வரை ஏர் ஸ்குரூவைச் சிறிது சிறிதாகத் திருப்புக. வேகம் கூடினால் மற்றொரு ஸ்குரூவால் அதைத் தணிக்க. சற்றுத் தூரம் ஓட்டியபின் பிளக்கைக் கழற்றிப் பார்க்க: இளம் பழுப்பு நிறமெனில் கலவை சரி, கரி படிந்தால் பெட்ரோல் மிகுதி, வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, எஞ்சின் சூடேறிக் கெடும்.

நம் ஊர் மலைச்சாலைக்கு ஒரு வார்த்தை. 4,000 அடிக்கும் மேலான போடிமெட்டில் காற்று அடர்த்தி குறைவு. ஆகவே அங்கே பெட்ரோல் மிகுந்து வண்டி மந்தமாகும். அதற்காக அங்கேயே ஸ்குரூவைத் திருப்பிவிட்டுக் கீழே இறங்கினால், கலவையில் பெட்ரோல் குறைந்துபோகும். பள்ளத்தாக்கில் ஓடும் வண்டியைப் பள்ளத்தாக்கிலேயே ட்யூன் செய்வது நலம்.

அன்பார்ந்த பங்கு மக்களே! ஒரு துளை அடைத்ததற்காக ஒரு வரலாற்றை எடைக்குப் போட வேண்டாம். இளைஞர்கள் மேற்கூறியவற்றைத் தேர்ந்த மெக்கானிக்கின் துணையோடு பொறுமையாய்ச் செய்யட்டும். பெரியவர்கள் அவ்வண்டியில் வந்து தங்கள் வீட்டு நோயாளிகளைச் சந்தித்த குருக்களைப் பற்றி அவர்களுக்குச் சொல்லட்டும். வண்டி ஓடட்டும், நினைவும் நிலைக்கட்டும்!